பி.பி.யால் கண் நரம்பு வாதம்: ரெட்டையாகத் தெரிந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பெரம்பூர்_29சி:
அறுபதை ஒட்டிய வயதுக்காரர். காலையில் எழுந்தால் தெருவில் வருகிற ஆட்டோ ரெண்டாகத் தெரிகிறது. ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் அளந்தால் பி.பி. 170/100. "பி.பி. ஏறி கண் நரம்பு இழுத்துக்கிச்சு, மூணு மாசத்துல சரியாயிடும்" என்று மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். அதே "ரெட்டையாத் தெரியுது" என்ற புகாரோடு போகும் இன்னொருவரை அன்றைக்கே சி.டி. ஆஞ்சியோவுக்கு, அதாவது சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேனுக்கு, அனுப்புகிறார்கள். இந்த வித்தியாசம் எதை வைத்து? வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனித்துச் சொன்னால் டாக்டருக்கு உதவும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "நல்ல டாக்டரைப் பாருங்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

நரம்புவழி:
முதலில் அமைப்பு. ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள். அவற்றுக்குக் கட்டளை கொண்டுவருவது மூன்று கபால நரம்புகள், அதாவது மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள்.

ஆறாவது நரம்புக்கு ஒரே வேலை: கண்ணைக் காது பக்கமாகத் திருப்புவது. நான்காவதுக்கும் ஒரே தசைதான், மேல் சாய்தசை. கண் மூக்குப் பக்கம் இருக்கும்போது அதைக் கீழே இறக்குவதும், தலை சாயும்போது கண்ணைச் சற்றுச் சுழற்றுவதும் அதன் பொறுப்பு. மிச்ச நான்கு தசைகளும் மூன்றாவது நரம்பின் கையில். அதோடு மேல் இமையைத் தூக்குவதும், வெளிச்சத்தில் கண் பாப்பாவைச் சுருக்குவதும் அதுதான். இந்தக் கடைசி வேலையை மறக்காதீர்கள், முழு விவகாரமும் அங்கேதான் திரும்பும்.

நரம்புக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொடுப்பவை நரம்பின் மேலும் உள்ளும் ஓடும் தலைமயிரை விட மெல்லிய குழாய்கள். வருஷக்கணக்கில் பி.பி. கூடுதலாக இருந்தால் இவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகும். சுகர் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒருநாள் ஒரு துண்டுக்கு ரத்தம் போதாமல் போகிறது, அந்த நரம்பு வேலை நிறுத்தம் செய்கிறது. இதைத்தான் வாதம் என்கிறோம். மூளைக்குள் எதுவும் வெடிக்கவில்லை, நரம்பு அறுந்தும் போகவில்லை. பெரும்பாலும் நரம்பு இழைகளின் மேலுறைதான் அடிபடுகிறது. உறை மறுபடி வளரக்கூடியது என்பதால் வாரக்கணக்கில் தானாகத் தேறுகிறது.

எழும்பூர்_ஒளி:
நரம்புவழி அமைப்பைச் சொல்லிவிட்டார். வீட்டில் செய்யக்கூடிய முதல் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். ரெட்டை போய்விட்டதா? பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒற்றையாகத் தெரிந்தால் இரண்டு கண்களும் நேர்க்கோட்டில் இல்லை என்று அர்த்தம். நரம்பு, தசை, இரண்டும் சேரும் இடம், இவற்றில் எங்கோ சிக்கல். ஒரு கண்ணை மூடியபிறகும் திறந்திருக்கும் கண்ணில் நிழல் போல இன்னொரு உருவம் தெரிந்தால் அது பெரும்பாலும் கண்புரை, கண் வறட்சி, கண்ணாடிப் பவர் சமாசாரம். அதற்கு பி.பி.யைத் திட்ட வேண்டாம்.

அடுத்து, ரெட்டை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

பக்கவாட்டில் ரெட்டை, தூரத்தில் அதிகம், படிக்கும்போது குறைவு: ஆறாவது நரம்பு. ஸ்டாப்பில் நிற்கும்போது தூரத்து பஸ்ஸின் நம்பர் பக்கத்தில் இன்னொரு நம்பராகத் தெரியும், கையில் உள்ள பேப்பரைப் படித்துவிடுவார். கெட்ட கண்ணின் பக்கம் பார்க்கப் பார்க்க இடைவெளி கூடும். அதனால் முகத்தை அந்தப் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வார்.

மேலும் கீழுமாக ரெட்டை, மெட்ரோ ஸ்டேஷன் படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மோசம்: நான்காவது. தலையை எதிர்த்தோள் பக்கம் சாய்த்தால் ஒன்றுசேரும். கழுத்து சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இமை தொங்கி, தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமும் கீழுமாக ஒதுங்கியிருந்தால் மூன்றாவது. இமை முழுக்க மூடியிருந்தால் அவருக்கு ரெட்டையே தெரியாது, ஏனென்றால் அந்தக் கண்தான் அடைத்துக்கிடக்கிறதே. "கண் திறக்கலை" என்று மட்டும் சொல்வார்.

பெரம்பூர்_29சி:
அருமை. கண் பாப்பா விஷயம்?

எழும்பூர்_ஒளி:
மூன்றாவது நரம்பை ஒரு கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவைச் சுருக்கும் இழைகள் கேபிளின் வெளித்தோலை ஒட்டி ஓடுகின்றன. தசைகளுக்குப் போகும் இழைகள் நடுவில். பி.பி., சுகரால் ரத்தம் குறையும்போது பட்டினி கிடப்பது நடுப்பகுதி. வெளிவட்டத்துக்கு மேலுறைக் குழாய்களின் ரத்தம் எப்படியோ கிடைத்துவிடும். ஆகவே இமை விழும், கண் ஒதுங்கும், பாப்பா மட்டும் மற்றக் கண்ணின் அளவிலேயே இருந்து, வெளிச்சத்துக்குச் சுருங்கும்.

வெளியிலிருந்து எதாவது அழுத்தினால் தலைகீழ். மூளையின் அடியில் உள்கழுத்துத் தமனியிலிருந்து பின் இணைப்புத் தமனி பிரியும் முடுக்கில் அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் சுவர் பலூன் மாதிரி புடைப்பது, வந்தால் அது மூன்றாவது நரம்பைத் தோலோடு நசுக்கும். பாப்பா விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காது. அந்த பலூன் வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, உயிருக்கே உலை. உங்கள் இரண்டாவது ஆளை அன்றைக்கே ஆஞ்சியோவுக்கு அனுப்பியது இதனால்தான்.

பார்க்கும் முறை: நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாப்பாவையும் ஒப்பிடுங்கள், பிறகு விளக்கை அணைத்து மங்கல் வெளிச்சத்தில். டார்ச்சை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மோவாய்க்குக் கீழிருந்து பிடித்தால் இரண்டும் சேர்ந்து தெரியும். விரிந்த பக்கம் கெட்டது என்றால் வித்தியாசம் வெளிச்சத்தில் கூடும். இருட்டில் வித்தியாசம் கூடி, இமை லேசாக மட்டும் இறங்கி, அந்தப் பக்கப் பாப்பா சிறுத்திருந்தால் அது வேறு கதை. கழுத்து வலியும் இருந்தால் கழுத்துத் தமனிக் கிழிசலை நினைக்க வேண்டும், அதுவும் அவசரம்தான்.

பட்டகம்:
இதில் ஒரு நடைமுறைக் கோளாறு. கண் ஆஸ்பத்திரிகளில் வரிசையில் உட்கார்ந்த உடனே விழித்திரை பார்ப்பதற்காகப் பாப்பாவை விரிக்கும் சொட்டை விட்டுவிடுவார்கள். அப்புறம் பாப்பா எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ரெட்டையாகத் தெரிகிறது, இமை தொங்குகிறது என்று போகிறவர்கள் சொட்டு விட வருபவரிடம் "முதல்ல பாப்பாவைப் பார்த்து எழுதிட்டு விடுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூச்சப்பட வேண்டாம். வீட்டிலேயே போனில் இரண்டு கண்ணும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் தேதி, நேரத்தோடு ஆதாரம் ஆகிவிடும்.

புரை ஆபரேஷன் ஆன கண்ணில் பாப்பா கோணலாகவே இருக்கலாம், அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

கீழ்க்கட்டளை_வாசகர்:
பாப்பா சரியாக இருந்தால் அனியூரிசம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? அப்படித்தானே படித்தது.

நரம்புவழி:
பாதி உண்மை. அந்த விதி பொருந்துவது, மூன்றாவது நரம்பின் மற்ற வேலைகள் முழுசாக நின்று, பாப்பா மட்டும் முழுசாக நன்றாக இருக்கும்போதுதான். இமை பாதிதான் விழுந்திருக்கிறது, கண் கொஞ்சம் மேலே போகிறது, கொஞ்சம் உள்ளே போகிறது, பாப்பா மட்டும் சரி என்றால் அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. அனியூரிசம் அப்போதுதான் அழுத்த ஆரம்பித்திருக்கலாம், பாப்பா ஓரிரு நாளிலோ ஒரு வாரத்துக்குள்ளோ விரியலாம். அதனால் பாதி வாதத்துக்கும் ஆஞ்சியோ தேவை. முதல் வாரம் தினமும் பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. சுகர்க்காரர்களில் சிலருக்கு அனியூரிசம் இல்லாமலே பாப்பா லேசாக விரியும். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும், வெளிச்சத்துக்கும் ஓரளவு சுருங்கும். ஆனால் அதைப் படம் எடுத்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டும், எடுக்காமல் அல்ல.

கீழ்க்கட்டளை_வாசகர்:
வலி? வலி இருந்தால் அனியூரிசம், இல்லாவிட்டால் பி.பி. என்கிறார்களே.

எழும்பூர்_ஒளி:
அதை நம்பாதீர்கள். பி.பி., சுகர் வாதத்திலும் புருவத்துக்கு மேலேயும் கண்ணுக்குப் பின்னாலும் நல்ல வலி வரும், சிலருக்கு ரெட்டை வருவதற்கு ஓரிரு நாள் முன்பே. வலியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே விதிவிலக்கு: வாழ்க்கையில் அனுபவிக்காத அளவு தலைவலி, சம்மட்டியால் அடித்த மாதிரி, நொடியில் உச்சத்துக்கு வந்தால் யோசிக்க நேரமில்லை, 108.

மருந்துச்சீட்டு:
வலிக்கு என்று கடையில் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் கேட்டு வாங்குகிறார்கள். அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் படுத்தும், டெல்மிசார்ட்டன் மாதிரி பி.பி. மாத்திரையின் வேலையையும் மந்தப்படுத்தும். எந்த மருந்தைச் சரிசெய்ய வேண்டுமோ அதையே குழப்புகிற காரியம். பாராசிட்டமால் போதும், கல்லீரல் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்_29சி:
அப்படியானால் ஆறாவது, நான்காவது நரம்புக்கு ஸ்கேனே வேண்டாமா?

நரம்புவழி:
இங்கேதான் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பழைய வழக்கம்: ஐம்பது தாண்டியவர், பி.பி. அல்லது சுகர் உள்ளவர், ஒரே ஒரு நரம்பு, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால் ஸ்கேன் இல்லாமல் காத்திருந்து பார்ப்பது. தேறினால் சரி, மூன்று மாதத்தில் தேறாவிட்டால் எம்.ஆர்.ஐ. இன்னொரு கட்சி, எல்லோருக்கும் முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்கிறது. பி.பி. உள்ளவருக்கும் கட்டி வரலாம், மூளைத்தண்டில் சிறு பக்கவாதம் வரலாம், பி.பி. இருப்பதால் இவை வராது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

என் சார்பு இரண்டாவது கட்சிப் பக்கம்தான், ஆனால் கையில் காசு இல்லாதவரை முதல் நாளே எம்.ஆர்.ஐ.க்குத் தள்ளுவதும் நியாயம் இல்லை. காத்திருப்பது என்று முடிவெடுத்தால் அது உண்மையான காத்திருப்பாக இருக்க வேண்டும், தேதி குறித்து. "அப்புறம் வாங்க" என்பது காத்திருப்பு இல்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கும் பேச்சே கிடையாது: வயது ஐம்பதுக்குக் கீழ், புற்றுநோய் வரலாறு, ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு, இரண்டு கண்ணிலும் வாதம், நாளாக நாளாகக் கூடுவது, முகம் மரத்துப்போவது, கண் பிதுங்குவது, காய்ச்சல். வாய் கோணல், பேச்சுக் குழறல், எதிர்ப்பக்கக் கைகால் பலவீனம், நடையில் தள்ளாட்டம் சேர்ந்தால் அது பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டும்.

எழும்பூர்_ஒளி:
அந்த 170/100 பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ரெட்டையாகத் தெரிந்து, பயந்து, வலியோடு, ராத்திரி தூங்காமல், எழும்பூர் வரை நெரிசலில் வந்து நிற்கும் எவருக்கும் பி.பி. ஏறித்தான் இருக்கும். அன்றைய அளவு காரணமா விளைவா என்று அந்த ஒரு எண் சொல்லாது. நரம்பைக் கெடுப்பது ஒருநாள் ஏற்றம் அல்ல, பல வருஷ ஏற்றம். அதன் தடயம் வேறு இடங்களில் இருக்கும்: விழித்திரையில் தமனி மெலிந்து சிரையை அழுத்தியிருப்பது, இ.சி.ஜி. அல்லது எக்கோவில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பது, சிறுநீரில் ஆல்புமின் (புரதம்), ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) ஏறியிருப்பது. இவை இருந்தால் "பி.பி.யால் வந்திருக்கலாம்" என்பதற்கு எடை உண்டு. எதுவும் இல்லாமல் அன்றைக்கு மட்டும் 170 என்றால் எடை குறைவு.

சேர்க்க வேண்டிய இன்னொன்று: இந்த வாதத்தோடு சுகருக்கு உள்ள உறவு பி.பி.க்கு உள்ளதை விட உறுதியானது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. பி.பி. மட்டும் தனியாக என்றால் சான்று அவ்வளவு பலமில்லை. அதனால் "எனக்கு சுகர் இல்லை" என்பவருக்கும் எச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை, பார்த்தே ஆக வேண்டும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சுகர். கண் நரம்பு வாதத்துக்காக வந்த இடத்தில் சுகர் முதன்முதலாகத் தெரியவருவது புதுசில்லை.

கூடவே கொழுப்பு, ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. கடைசி இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனைகள். அவை எதற்கென்றால், ஐம்பது தாண்டியவர்களுக்கு நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி என்று ஒன்று உண்டு. நம் ஊரில் அரிது. ஆனால் தவறவிட்டால் பார்வையே போகும். தலைசீவும்போது மண்டைத் தோல் வலி, மெல்லும்போது தாடை வலித்துப் பாதியில் நிறுத்துவது, இவற்றைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும், நோயாளி தானாகச் சொல்லமாட்டார்.

நரம்புவழி:
முழு ஒப்புதல். "பி.பி.யால் வந்தது" என்பது மற்றவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் முடிவு. அதை உறுதி செய்வது மூன்று மாதத்தில் அது தேறுவதுதான்.

விழித்திரை பார்க்கும்போது பார்வை நரம்புத் தட்டையும், அதாவது பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடத்தையும், பார்த்தாக வேண்டும். இரண்டு பக்கமும் தட்டு வீங்கியிருந்தால் ஒன்று, மூளை அழுத்தம் கூடியிருக்கிறது. ஆறாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து மண்டையோட்டு எலும்பின் மேல் செங்குத்தாக ஏறி வளைந்து போவதால் அழுத்தம் கூடும்போது முதலில் இழுபடுவது அதுதான். மூளையில் கட்டி ஓரிடத்தில் இருக்க, வாதம் வேறிடத்தில் தெரியும். அல்லது, பி.பி. 180/120 தாண்டி உறுப்புகளைத் தாக்கும் கட்டம். இரண்டுமே அட்மிஷன்.

மருந்துச்சீட்டு:
180/120 பற்றி ஒரு எச்சரிக்கை. நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் குத்திவிடும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பி.பி. மடமடவென்று விழுந்து, ஏற்கெனவே குறுகிய குழாய்களில் ரத்தம் இன்னும் குறையும், மூளைக்கும் இதயத்துக்கும் ஆபத்து. செய்யவே கூடாது. உறுப்புப் பாதிப்பு இல்லாமல் எண் மட்டும் கூடுதல் என்றால் மாத்திரையால் நாள்கணக்கில் நிதானமாக இறக்குவதுதான் முறை. உறுப்புப் பாதிப்பு இருந்தால் ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில், ஊசி வழியாக.

அன்றாட மாத்திரைகளில் எங்கே பிசகுகிறது என்றால்: அம்லோடிபின் போட்டால் கணுக்கால் வீங்குகிறது என்று சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். எனலாப்ரில் போட்டால் வறட்டு இருமல் என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் மாற்று உண்டு, கேட்டால் மாற்றித் தருவார்கள். டெல்மிசார்ட்டன் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். அதிமதுரப் பொடியைத் தொண்டைக்கு நல்லது என்று தினமும் சாப்பிடுபவர்கள் கவனம், அது பி.பி.யை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும். இது மூலிகை, ஒன்றும் செய்யாது என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நடப்பது.

மாத்திரை வாங்க வசதியில்லை என்பதற்காக இடைவெளி விட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் போதும்.

கீழ்க்கட்டளை_வாசகர்:
மெத்தில்கோபாலமின்? ஸ்டீராய்டு? ஆஸ்பிரின்?

எழும்பூர்_ஒளி:
மெத்தில்கோபாலமின் பி12 குறைபாடு உள்ளவருக்கு அவசியம். குறைபாடு இல்லாதவருக்கு இந்த வாதத்தைச் சீக்கிரம் ஆற்றும் என்பதற்குச் சான்று இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. தானாக ஆறுவதை மாத்திரைக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஒரு திருத்தம்: மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 நிஜமாகவே குறையும், அவர்களுக்கு அளந்து பார்த்துக் கொடுக்கலாம்.

ஸ்டீராய்டு இந்த வாதத்துக்கு வேண்டாம். சுகரையும் பி.பி.யையும் ஏற்றிவிட்டு நரம்புக்கு எதுவும் தராது. தமனி அழற்சி, குகைக்குழி (கண்ணுக்குப் பின்னால், மூளையடியில் உள்ள சிரைக்குழி) அழற்சி மாதிரி வேறு நோய் என்றால் மட்டும், காரணம் தெரிந்த பிறகு. ஆஸ்பிரின் இதயம், மூளை ஆபத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வது, கண்ணுக்காக அல்ல.

நரம்புவழி:
ஸ்டீராய்டு பேச்சு வந்ததால் சொல்கிறேன். சுகர் கட்டுப்பாடில்லாதவர், ஒரு கண்ணில் வாதம், கன்னம் வீங்குகிறது அல்லது மரக்கிறது, மூக்கில் கறுப்பாகச் சளி அல்லது பொருக்கு: 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் எல்லோரும் கேள்விப்பட்ட கரும்பூஞ்சை. மூக்கிலிருந்து கண்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் மணிக்கணக்கில் பரவும். கொரோனா போனாலும் சுகர் போகவில்லை, இதுவும் போகவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் அன்றைக்கே பார்க்க வேண்டும், ஸ்டீராய்டு கொடுத்தால் தீயில் நெய்.

பட்டகம்:
நோய் என்ன என்று தெரிந்தாகிவிட்டது, இனி மூன்று மாதம் ரெட்டையோடு எப்படி ஓட்டுவது? என் பகுதி இது.

மலிவான வழி: கண்ணாடி போடுபவர் என்றால் ஒரு லென்ஸின் உள்பக்கம் பால்நிற டேப் ஒட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகித டேப் போதும். வெளிச்சம் வரும், உருவம் வராது, கண்ணை அழுத்தாது. பவர் இல்லாதவர் ஜீரோ பவர் பிரேம் வாங்கி ஒட்டலாம். பஞ்சு வைத்து பிளாஸ்திரி போட்டுக் கண்ணை இறுக்குவது வேண்டாம், உள்ளே இமை திறந்தால் கருவிழியை உராயும்.

எந்தக் கண்ணை மறைப்பது? வாதம் வந்த கண்ணை மறைத்தால் நடை, கைநீட்டல் சரியாக இருக்கும். கெட்ட கண்ணால் மட்டும் பார்த்தால் பொருள் இருக்கும் இடம் தப்பாகத் தெரிந்து டம்ளரைத் தட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்கு மூடி வைப்பதால் கண் சோம்பேறியாகாது, அந்தப் பயம் சிறு குழந்தைகளுக்குத்தான்.

அடுத்தபடி பிரிசம். உருவத்தை நகர்த்தி இரண்டையும் ஒன்றாக்கும். ஒரு பிரிசம் டயாப்டர் என்பது ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தல். தேறிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு லென்ஸிலேயே பிரிசத்தைச் செதுக்கிக் கொடுப்பது காசுக்குக் கேடு, மூணு வாரத்தில் அளவு மாறிவிடும். அதனால் ஃபிரெனல் ஸ்டிக்கர்: வரிவரியாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். லென்ஸ் அளவுக்கு வெட்டி, தண்ணீருக்குள் வைத்தே லென்ஸின் உள்பக்கம் வழவழப்பான முகத்தைப் பதித்து, காற்றுக்குமிழியைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளி, ஒருநாள் காயவிட வேண்டும். ஆறாவது நரம்புக்குப் பிரிசத்தின் தடித்த பக்கம் காதுப் பக்கம். தலைகீழாக ஒட்டினால் ரெட்டை இன்னும் விலகும், ஒட்டிய உடனே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பவர் கூடக் கூட எழுத்து மங்கும், அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது நரம்பு முழுவாதத்துக்குப் பிரிசம் உதவாது, விலகல் எல்லாத் திசையிலும் வேறுவேறு. மூடுவதுதான் வழி.

பெரம்பூர்_29சி:
ஒரு கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டலாமா?

பட்டகம்:
டூவீலர் கூடவே கூடாது. ரெட்டையோடு ஓட்டினால் எந்த பஸ் நிஜம் என்று தெரியாது. மூடிக்கொண்டு ஓட்டினால் ஆழம் தெரியாது, மூடிய பக்கத்திலிருந்து அண்ணா சாலையில் எது வந்தாலும் தெரியாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மெட்ரோ, பஸ். வீட்டில் மாடிப்படியின் ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள், கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றும்போது ஜக்கின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டுவைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

எழும்பூர்_ஒளி:
கால அட்டவணை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் தினமும் பாப்பா, இமை. முதல் சில நாள்களில் வாதம் கொஞ்சம் கூடுவது இயல்பு, இரண்டு வாரத்துக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் இயல்பல்ல. நான்கு முதல் ஆறு வாரத்தில் அசைவு திரும்பத் தொடங்க வேண்டும். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் முடியும், சிலருக்கு ஆறு. மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் சாயம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், முன்பு எடுத்தது சரியாக இருந்தாலும்.

தேறும்போது ஒரு விசித்திரம் கண்டால் உஷார்: கண்ணை உள்பக்கம் திருப்பும்போது இமை தானாக மேலே தூக்குவது, அல்லது பாப்பா சுருங்குவது. நரம்பு இழைகள் தப்பான தசைக்குப் போய் முளைத்திருக்கின்றன. ரத்தக்குறைவால் வந்த வாதத்தில் இது நடப்பதில்லை. அழுத்தமோ அடியோ காரணமாக இருந்திருக்கும், மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும்.

ஆறு மாதம் தாண்டியும் மிச்சம் இருந்து, அளவு மாறாமல் நின்றுவிட்டால் மாறுகண் ஆபரேஷன். அதற்கு முன் அவசரப்படக் கூடாது.

கீழ்க்கட்டளை_வாசகர்:
சாயங்காலம் மட்டும் இமை தொங்கி, காலையில் நன்றாக இருந்தால்?

எழும்பூர்_ஒளி:
அது நரம்பல்ல, நரம்பும் தசையும் சேரும் இடம். மையஸ்தீனியா. ஒரு நிமிஷம் கண்ணை மேலேயே வைத்திருக்கச் சொன்னால் இமை மெல்ல இறங்கும். துணியில் சுற்றிய ஐஸைத் தொங்கும் இமை மேல் இரண்டு நிமிஷம் வைத்தால் இமை இரண்டு மில்லிமீட்டராவது ஏறும். இதில் பாப்பா எப்போதும் சரியாகவே இருக்கும், அதனால் பி.பி. வாதம் என்று ஏமாறுவது சுலபம். விழுங்கச் சிரமம், மூச்சு வாங்குவது சேர்ந்தால் அவசரம்.

நான்காவது நரம்பிலும் ஒரு ஏமாற்று உண்டு. பிறவியிலேயே பலவீனம் இருந்து, வயதானபிறகு சமாளிக்க முடியாமல் வெளிப்படுவது. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், எல்லாப் படத்திலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் பி.பி. மேல் பழி வேண்டாம். தலையில் அடியும் நான்காவதைக் கெடுக்கும், ஹெல்மெட் இல்லாமல் விழுந்தாரா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மருந்துச்சீட்டு:
வீட்டில் பி.பி. அளப்பது பற்றியும் எழுதிவிடுகிறேன், அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருந்து மாறும். மேல்கையில் கட்டும் மெஷின், மணிக்கட்டு வகை வேண்டாம். கைச்சுற்றை அளந்து பட்டை வாங்குங்கள், குண்டுக் கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பொய்யாகக் கூடுதல் காட்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, பீடி, சிகரெட் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில், கை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். டி.வி. சீரியலை நிறுத்துங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, காலையில் மாத்திரைக்கு முன்பும் ராத்திரியும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி போடுங்கள். வீட்டு அளவில் 135/85 தாண்டினால் கூடுதல். பெரும்பாலோருக்கு இலக்கு 130/80ஐ ஒட்டி இருக்கும், வயதானவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் டாக்டர் தளர்த்துவார்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பாரில் போடுவது மட்டும் கணக்கில்லை: ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். பொட்டாசியம் உப்பை மாற்றாக வாங்குபவர்கள் டெல்மிசார்ட்டன் சாப்பிட்டாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கேட்காமல் போடாதீர்கள்.

நரம்புவழி:
பெரிய குறட்டை, பகலில் தூங்கி விழுவது இருந்தால் தூக்க மூச்சுத்தடையையும் பாருங்கள். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. இறங்காதவர்களில் நிறையப் பேருக்கு அது இருக்கிறது.

பெரம்பூர்_29சி:
கடைசியாக ஒன்று. ஆஞ்சியோவுக்குச் சாயம் ஏற்றினால் சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

மருந்துச்சீட்டு:
முதலில் கிரியாட்டினின் பார்த்து அதிலிருந்து சிறுநீரக வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அது 30க்குக் கீழ் என்றால் மெட்ஃபார்மினைச் சாயம் ஏற்றும் நேரத்திலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, மறுபடி கிரியாட்டினின் பார்த்துத் தொடங்குவார்கள். சரியாக இருந்தால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. பி.பி. மாத்திரையை மட்டும் ஸ்கேன் அன்றைக்குக் காலையில் வெறும் வயிறு என்பதற்காகத் தாமாக விட்டுவிட வேண்டாம், ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாமா என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

நரம்புவழி:
பாப்பா விரிந்திருந்தால் கிரியாட்டினின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், நேரே ஆஞ்சியோ. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.